மார்ச் கடைசியில் ஹாங்சோ: அம்மாவுக்கு அங்கே தேயிலைக் கொழுந்து எடுப்பதைக் காட்ட வேண்டும்

தலவாக்கலை_மகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி சீனாவில் ஹாங்சோ நகரத்தில் முதுகலை படிக்கிறாள். இது இரண்டாவது வருடம். வருகிற மார்ச் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகலாம் என்று இருக்கிறேன். எனக்குப் பத்து நாள் லீவு கிடைக்கும். அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம், எனக்கும் அப்படியே.

அம்மா 34 வருடம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நின்று, மழையோடும் அட்டையோடும் மலை ஏறி, 18 கிலோ வராத நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்துவிடுமே என்று பயந்து பயந்தே எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார். இப்போது வயது 61. வலது முழங்கால் சரியில்லை. இறக்கத்தில் இறங்குவதுதான் கஷ்டம், ஏற்றம் ஏறிவிடுவார்.

போன ஏப்ரலில் தங்கச்சி ஒரு வீடியோ அனுப்பினாள். நகரத்து ஏரிக்குப் பின்னால் இருக்கிற மலைகளில் பெண்கள் ஓலைத்தொப்பி போட்டுக்கொண்டு, இடுப்பில் சின்ன மூங்கில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்கள். அம்மா அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தார் என்று கணக்கே இல்லை. "என்னா புள்ள, இத்தினூண்டு கூடைய எப்ப நெறைச்சு எப்ப நிறுக்கிறது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். சீனாவில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, பெருஞ்சுவரும் வேண்டாம், கடையும் வேண்டாம், அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றுதான் சொன்னார். ஆகவே இந்தப் பயணம் அதற்காகத்தான்.

எந்தத் தேதியில் போனால் கொழுந்து எடுப்பது கட்டாயம் நடக்கும்? முழங்கால் வலியோடு போகக்கூடிய இடம் எது? குளிர் எப்படி? அம்மா செவ்வாயும் வெள்ளியும் மரக்கறிதான், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தங்கச்சிக்குப் பரீட்சை வேலை இருப்பதால் சில நாள் நாங்கள் இருவரும் தனியாகத்தான் சுற்ற வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊவா_டீமேக்கர் எழுதியது:

தங்கச்சி, வணக்கம். நான் பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் 19 வருடமாக டீமேக்கர் வேலை பார்க்கிறேன். ஹாங்சோவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை மே நடுப்பகுதி. ஏரி அழகாக இருந்தது, ஆனால் கொழுந்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செடியெல்லாம் கவ்வாத்து வெட்டிக் கட்டையாக நின்றது. இரண்டாம் தடவை மார்ச் 27ஆம் தேதி போய் இறங்கினேன். அப்போதுதான் அந்த ஊர் என்னவென்று புரிந்தது. ஆகவே முதலில் தேதியைச் சரியாகப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் மலையில் தேயிலைக்கு ஓய்வு கிடையாது. ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்பவும் கூடையோடு போவோம், வருடம் முழுக்க அப்படித்தான். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைக்குள் இருக்கிறோம். ஹாங்சோ 30 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் செடி உறங்கிவிடும், உறைபனியும் விழும். மார்ச் நடுப்பகுதியில் சூடு ஏறும்போதுதான் அரும்பு வெளியே வரும். குளிர்காலம் முழுக்கச் செடி சேர்த்து வைத்த சாரம் அந்த முதல் அரும்பில் இருக்கும். அமினோ அமிலம் கூட, துவர்ப்புக் குறைவு. அதனால்தான் அந்த இரண்டு மூன்று கிழமைக் கொழுந்துக்கு அவ்வளவு விலை.

ஏப்ரல் 4 அல்லது 5இல் அவர்களுக்கு ச்சிங்மிங் என்று ஒரு நாள் வரும். முன்னோர்களின் கல்லறையைத் துப்புரவாக்கிப் படையல் வைக்கிற நாள். அதற்கு முன் எடுத்த கொழுந்தில் செய்த தேயிலையை 'மிங்ச்சியான்' என்பார்கள், ச்சிங்மிங்குக்கு முந்தியது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஏப்ரல் 20 வாக்கில் வருகிற 'குயூ' நாள் வரைக்கும் எடுப்பது அடுத்த தரம். அந்த ஊர்ப் பச்சைத் தேயிலைக்குப் பேர் லொங்ஜிங். அங்கே லொங்ஜிங் 43 என்ற இனம் முதலில் துளிர்க்கும், மார்ச் நடுப்பகுதியிலேயே எடுக்கத் தொடங்குவார்கள். பழைய நாட்டு இனம் அதற்கு ஒரு கிழமை பத்து நாள் பிந்தும். நீங்கள் மார்ச் 25க்கும் ஏப்ரல் 2க்கும் இடையில் அங்கே நின்றால் இரண்டையும் பார்க்கலாம். ச்சிங்மிங் விடுமுறைக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கிரகரி ஏரிப் பக்கம் ஒரு வான் நகர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று நாளும் ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரை அதைவிட மோசம்.

இடத்தைப் பொறுத்தவரை, லொங்ஜிங் கிராமம்தான் பேர் பெற்றது. ஆனால் அங்கே படிகள் அதிகம். அம்மாவின் முழங்காலுக்கு மெய்ஜியாவூ கிராமம் நல்லது. பள்ளத்தாக்கில் சமமான ரோடு போகிறது, ரோட்டோரத்திலேயே தேயிலை தொடங்கிவிடும். காலை ஆறு, ஆறரைக்கெல்லாம் பெண்கள் மலைக்குப் போய்விடுவார்கள். எட்டு மணிக்குப் போனாலும் பார்க்கலாம். பத்துக்குப் பிறகு போனால் சுற்றுலாக்காரர்களைத்தான் பார்ப்பீர்கள்.

அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். அங்கே அந்தச் சின்னக் கூடை போதும். ஒரு அரும்பு, ஒரு இலை, அவ்வளவுதான் எடுப்பார்கள். நகத்தால் கிள்ளக் கூடாது. கிள்ளினால் காம்பு கறுத்துப்போகும். இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கி முறிக்க வேண்டும். நல்ல தரத்தில் அரைக் கிலோ தேயிலைக்குப் பல பத்தாயிரம் அரும்பு வேண்டும். ஆனால் பச்சைக் கொழுந்துக்கும் தேயிலைக்கும் உள்ள கணக்கு நம்முடையதுதான், நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ அளவில் வரும்.

எடுத்த கொழுந்தை மூங்கில் தட்டில் மெல்லப் பரப்பிச் சில மணி நேரம் வாட விடுவார்கள். அப்புறம் தாச்சி. தயவுசெய்து இதை அம்மாவுக்குக் காட்டாமல் வராதீர்கள். கிராமத்து வீட்டு வாசலிலேயே இரும்புத் தாச்சி வைத்து வறுப்பார்கள். வெறும் கைதான், கரண்டி கிடையாது. நான் பார்த்தவருக்கு எழுபது வயதிருக்கும். உள்ளங்கையை இலைமேல் விரித்து அழுத்தி, தாச்சியின் சுவரோடு மேலே இழுத்து, உதறிக் கொட்டினார். திரும்பவும் அழுத்தி, இழுத்து, உதறினார். இலை தட்டையாகும் வரை இதேதான். அவர் விரல் நுனிகளில் ரேகையே தெரியவில்லை. ஒரு தடவை வறுத்து, ஆற விட்டு, ஈரம் சமமாகப் பரவிய பிறகு இரண்டாம் தடவை வறுப்பார். நாங்கள் ரோலரில் கசக்கிப் புளிக்க விடுகிறோம். அவர்கள் புளிக்கவே விடாமல் சூட்டால் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே செடியின் இலை அங்கே பச்சையாகவே நிற்பதற்கும் இங்கே கறுப்பதற்கும் இதுதான் காரணம். 19 வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். அவர் என்னை விரட்டவில்லை, ஸ்டூல் ஒன்றைத் தள்ளி வைத்தார்.

தேயிலை வாங்கும்போது கவனம். மார்ச் முதல் கிழமையிலேயே புது லொங்ஜிங் என்று யாராவது விற்றால் அது வேறு ஊர் இலை.

பதுளை_ரேவதி எழுதியது:

அக்கா, நான் விசா விஷயம் மட்டும் சொல்கிறேன். என் அம்மாவும் இப்படித்தான் அண்ணாவைப் பார்க்கப் போனார். அங்கே படிக்கிறவரின் குடும்பத்தார் போவதற்கு எஸ்2 என்ற விசா இருக்கிறது. தங்கச்சி எழுதிய அழைப்புக் கடிதம், அவளுடைய கடவுச்சீட்டுப் பிரதி, அங்கே தங்குவதற்கான அனுமதியின் பிரதி, அப்புறம் உறவை நிரூபிக்கிற பத்திரம் வேண்டும். நாங்கள் மாட்டிக்கொண்டது கடைசியில்தான். அண்ணாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, அம்மாவின் அடையாள அட்டையில் வேறு மாதிரி. அந்தக் காலத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போய்விட்டார். அதைச் சரிசெய்யச் சத்தியக் கடதாசி, மொழிபெயர்ப்பு, கொழும்புக்கு மூன்று நடை, இரண்டு மாதம். நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். ஆகவே இன்றைக்கே இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இன்னொன்று. தங்கச்சியின் விடுதியில் தங்க நினைத்தால் முதலில் அனுமதி கேளுங்கள். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பொலிஸில் பதிந்துவிடுவார்கள். வேறு இடத்தில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே போய்ப் பதிய வேண்டும்.

நானுஓயா_சிவா எழுதியது:

ஷாங்காயில் இறங்கினால் ஹாங்சோவுக்கு வேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ரயில் புறப்படும் ஹொங்ச்சியாவ் நிலையம் புடோங் விமான நிலையத்திலிருந்து நகரத்தின் மறு கோடியில் இருக்கிறது. நடுவில் மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். டிக்கெட் கடவுச்சீட்டு எண்ணில்தான் வரும்.

காசுத்தாள் யாரும் பெரிதாகப் புழங்குவதில்லை. காசு கட்டுகிற அலிபே செயலியை இங்கேயே போனில் போட்டு வங்கி அட்டையை இணைத்துவிடுங்கள். அட்டை வெளிநாட்டில் வேலை செய்ய வங்கியில் சொல்லித் திறந்துவிட வேண்டும். வாட்ஸ்அப், கூகுள் அங்கே வேலை செய்யாது. நம் நாட்டு சிம்மில் ரோமிங் போட்டால் செய்யும். தங்கச்சியோடு பேச வீசாட் போதும்.

குளிர் தாங்கிவிடுவீர்கள். ஜனவரியில் நானுஓயாக் காலை எப்படி இருக்குமோ அப்படித்தான். பகலில் 15, 16 பாகை, இரவில் 7, 8. நச நசவென்று தூறிக்கொண்டே இருக்கும். குடை, வழுக்காத சப்பாத்து, ஒரு நல்ல சுவெட்டர். நான் தொப்பி கொண்டுபோகாமல் கஷ்டப்பட்டேன்.

சாப்பாட்டுக்குச் சீனிச் சம்பல் நல்லது, மிளகாய்த்தூளும் கொஞ்சம் வையுங்கள். கருவாடு வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். லிங்யின் கோயில் பக்கம் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும். அது 4ஆம் நூற்றாண்டுக் கோயில். இந்தியாவிலிருந்து போன துறவி ஒருவர் நிறுவியதாகச் சொல்கிறார்கள். எதிரே இருக்கிற குன்றின் பாறையில் முந்நூறுக்கும் மேல் சிலைகள் செதுக்கியிருக்கிறது. படி அதிகமில்லாத பக்கமும் உண்டு. செவ்வாயில் அங்கே போனால் இரண்டு வேலையும் முடியும்.

ஹட்டன்_ஆசிரியர் எழுதியது:

மகள், பயணத்துக்கு முந்தின நாள் கொழும்பில் தங்குவீர்கள் என்றால் தேசிய அருங்காட்சியகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். அங்கே காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. போகிற நாட்டின் எழுத்தை நம் எழுத்துக்குப் பக்கத்தில் முதலில் பார்த்துவிட்டுப் போனால் அம்மாவுக்கு அந்நியமாக இருக்காது.

'தேயிலை' என்பதில் உள்ள 'தே' கூடச் சீனச் சொல்தான். ஃபூஜியன் மாகாணத்துக் கரையோரப் பேச்சில் 'தே' என்பார்கள். ஹாங்சோவில் 'ச்சா' என்று கேட்க வேண்டும்.

தலவாக்கலை_மகள் எழுதியது:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ரேவதி சொன்னபடி பார்த்தேன். தங்கச்சியின் பத்திரத்தில் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்துக் குறைகிறது. நாளைக்கே அந்த வேலையைத் தொடங்குகிறேன். டிக்கெட் மார்ச் 26க்குப் பார்க்கிறேன்.

தலவாக்கலை_மகள் எழுதியது:

போய் வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. உங்களுக்கெல்லாம் எழுதாமல் இருக்க முடியாது.

மார்ச் 29, காலை ஏழரைக்கு மெய்ஜியாவூவில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். அன்றைக்குத் தங்கச்சியும் வந்தாள். தூறல் விட்டிருந்தது, மலை பாதி வரை மூட்டம். அம்மா இறங்கியதும் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு நேராக ரோட்டோரத் தேயிலைக்குப் போனார். ஒரு செடியின் தலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "மட்டம் நல்லா வச்சிருக்கானுக" என்றார். அதுதான் அவர் சீனாவைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

மேலே நாலாவது வரிசையில் ஐந்து பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தங்கச்சி அவரிடம் எங்கள் அம்மாவும் கொழுந்து எடுத்தவர் என்று சொன்னாள். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் வரிசைக்கு வெளியே வந்து, அம்மாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆட்காட்டி விரலின் உள்பக்கத்தில் அம்மாவுக்குக் கறுப்பாக ஒரு வெடிப்பு இருக்கிறது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் போகவில்லை. அவர் தன் விரலை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடத்தில், அதே கறுப்பு. நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. "இந்தா, கூடையக் குடு" என்று தமிழிலேயே கேட்டார்.

கொடுத்தார்கள். அம்மா பழக்கத்தில் இரண்டு கையையும் போட்டு எடுக்கத் தொடங்கினார். ஒரு நிமிடத்துக்குள் உள்ளங்கை நிறைந்துவிட்டது. அந்தப் பெண் பதறிக் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மா எடுத்த ஒரு கொழுந்தை எடுத்து, கீழ் இலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை அம்மாவின் கையில் வைத்தார். அரும்பும் அதை ஒட்டி ஒரே ஒரு இலையும், என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். பிறகு எப்படித் தூக்கி முறிப்பது என்று மெதுவாக மூன்று தடவை செய்து காட்டினார். ஊவா அண்ணா சொன்னது அப்படியே. அம்மா ஒவ்வொன்றாக எடுத்தார். "குருவி கொத்துற மாதிரி இருக்கு புள்ள" என்றார். அரை மணி நேரத்தில் கூடையின் அடி மறைந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கொழுந்தைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, நிறுவைக்குப் போக வேண்டியதாயிற்றே என்றார்.

அவர்கள் உள்ளூர்ப் பெண்கள் இல்லை. ஜியாங்சி மாகாணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். தோட்டக்காரரின் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும், நாட்சம்பளம், ஒரு மாதம் போலத்தான் வேலை. அப்புறம் ஊருக்குப் போய் நெல் வேலை பார்ப்பார்களாம். அம்மா இதைத்தான் தங்கச்சியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்களுக்குத் தோட்டத்து வரிசை வீடான லயம் கிடையாதா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், சொந்த ஊரில் காணி இருக்கிறதா என்று. காணி இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது, "திரும்பிப் போறதுக்கு ஒரு நெலம் இருக்கு பாரு அவளுக்கு" என்றார். எங்கள் பாட்டனின் பாட்டன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர். அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் லயத்தில்தான். அந்த வீடு இன்றைக்கும் எங்கள் பெயரில் இல்லை.

தாச்சியும் பார்த்தோம். வறுத்தவர் கண்ணாடிக் குவளையில் இலையைப் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மா முதலில் சீனி கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் வெறுமனே குடித்தார். அரும்புகள் தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "எடுத்த மாதிரியே இருக்குதே" என்று குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மூன்று தடவை தண்ணீர் ஊற்றித் தந்தார்கள்.

ஏரி, கோயில், கவிஞர் சூ ஷியின் பெயரில் உள்ள நீண்ட கரைப்பாதை எல்லாம் பார்த்தோம். பீச் பூ பூத்திருந்தது. அழகுதான். ஆசிரியர் ஐயா, கல்வெட்டும் பார்த்தோம், அம்மா தமிழ் வரிகளை விரலால் காற்றில் எழுதிப் படிக்கப் பார்த்தார்.

அந்த வாசலில் 50 கிராம் வாங்கி வந்திருக்கிறேன். அம்மா பிரிக்க விடவில்லை. தங்கச்சி ஓகஸ்டில் வரும்போது லயத்தில் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டுமாம். சீலை வைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

ஊவா_டீமேக்கர் எழுதியது:

தங்கச்சி, படித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பொதியை இன்றைக்கே பெட்டியிலிருந்து எடுங்கள். பச்சைத் தேயிலை சீலை வாசனையை இழுத்துவிடும். காற்றுப் போகாமல் இரண்டு பையில் இறுக்கிக் கட்டி, டப்பாவில் போட்டு, பிரிட்ஜில் வையுங்கள். ஓகஸ்ட் வரை தாங்கும். கொடுக்கிற அன்று வெளியே எடுத்து, குளிர் போன பிறகு பையைத் திறவுங்கள். கொதித்த தண்ணீரை ஐந்து நிமிடம் ஆற வைத்து ஊற்ற வேண்டும். அம்மாவுக்கு மட்டும் சீனியைத் தனியாகக் கையில் கொடுங்கள்.